மழை டீச்சரின் வீட்டுக்காரர்

அவருக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, உரசி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். வீட்டின் கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்த அறைதான் பட்டறை. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க ஊர்ப் பெரிய மனிதர்களின் தாடைகள். தெருவில் யாராவது நிறுத்தி நலம் விசாரித்தால் ஆள் யாரென்று தெரியாமல் விழிப்பார். அந்த ஆள் வாய்விட்டுச் சிரித்துவிட்டால் போதும், பெயரும் வீடும் சட்டென்று ஞாபகத்துக்கு வந்துவிடும்.

மெழுகு வேலைக்குக் காற்று ஆகாது. அதனால் அந்த அறையின் சன்னலை அவர் திறப்பதே இல்லை. அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவியோ, சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் நான்கு சுவருக்குள் இருந்தால் கைகால் முறுக்குகிறது என்று எழுந்து போய்விடுகிறவள்.

அவள் பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சர். ஊரில் அவளுக்கு மழை டீச்சர் என்று பெயர். தூறல் விழ ஆரம்பித்ததும் மற்ற வகுப்புகளில் சன்னல்களைச் சாத்துவார்கள். அவள் வகுப்பு மட்டும் வரிசையாக மைதானத்துக்கு இறங்கும். மண்மேட்டில் விழுந்த தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, எந்த வளைவில் வண்டலைப் போட்டுவிட்டுப் போகிறது என்று பிள்ளைகள் குனிந்து பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சளி பிடித்து, பெற்றோர் படையெடுத்து வந்தார்கள். அப்போதிருந்த தலைமையாசிரியை கூப்பிட்டுக் கண்டித்தபோது, "ஆத்த வகுப்புக்குள்ள கொண்டுவர முடியலையே மேடம், அதான் பிள்ளைங்கள வெளிய கொண்டுபோறேன்" என்றாளாம். கடைசியில் குடையோடு போகலாம் என்று சமரசம் ஆயிற்று. குடைக்குள் நின்று மழையைப் பார்ப்பது கண்ணாடி வழியாகச் சாப்பாட்டைப் பார்ப்பது மாதிரி என்று வீட்டுக்கு வந்து அவரிடம் அலுத்துக்கொண்டாள்.

கல்யாணமான புதிதில் அவரும் ஒரே ஒரு முறை அவளோடு மலையேறப் போனார். கடைத்தெருவுக்குப் போகிற செருப்போடு போனதுதான் தப்பு. பாதி வழியில் வார் அறுந்தது, குதிகால் கொப்பளித்தது, போதாக்குறைக்கு அட்டை வேறு கடித்துவிட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு, இனி ஓரடி எடுத்துவைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். அவள் கோபப்படவில்லை. அவரை அங்கேயே உட்காரவைத்துவிட்டு உச்சி வரை தனியாகப் போய் வந்தாள். பிறகு கையைப் பிடித்து மெல்ல இறக்கிக்கொண்டு வந்தாள். திரும்பும் பஸ்ஸில்தான் அந்த ஒப்பந்தம் நடந்தது.

"நீங்க வீட்டப் பாத்துக்கோங்க. நான் ஊரப் பாத்துக்கறேன்" என்றாள்.

அவருக்கு அப்பாடா என்றிருந்தது. விடுமுறை நாளில் அவள் மாணவிகளையோ கூட வேலை பார்க்கும் டீச்சர்களையோ கூட்டிக்கொண்டு விடியும்போதே கிளம்பிவிடுவாள். அவர் மகளுக்குத் தலைவாரி, சமைத்து, துணி மடித்து, இடையிடையே பட்டறைக்கும் போய்வருவார். மாலையில் சேறும் சகதியுமாக வந்து நிற்பவளைப் பின்வாசல் வழியாக வரச்சொல்லி, கால் கழுவத் தண்ணீர் எடுத்துவைப்பார். சாப்பிடும்போது அவள் கண்டதையெல்லாம் கதைகதையாகச் சொல்லுவாள். அவர் 'ம்' கொட்டுவார். பாதி காதில் விழும். மீதிப் பாதிக்கு மனம் மறுநாள் கொடுக்க வேண்டிய மேல்வரிசையில் இருக்கும்.

ஓய்வு பெற்றபோது பள்ளியில் அவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார்கள். சுவரே பிடிக்காதவளுக்குச் சுவர்க்கடிகாரமா என்று அவர் சிரித்தார். இனி டீச்சர் வீட்டோடு இருப்பார் என்று அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். மறுநாளே அவள் முன்பைவிடச் சீக்கிரமாக எழுந்து, ஊருக்கு வெளியே இருக்கும் குளத்தைச் சுற்றி நடக்கப் போய்விட்டாள். அவளுக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்த டிராயிங் டீச்சர்தான் கூட்டாளி. இருவரும் பேசிக்கொண்டே போனால் குளத்தில் மீன்கள்கூடத் தூங்க முடியாது என்று மகள் சொல்லுவாள்.

இரண்டு மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு டிராயிங் டீச்சருக்கு முட்டி தேய்ந்துபோய், நடமாட்டம் வீட்டுக்குள் என்றாகிவிட்டது. அவள் தனியாகப் போய்வந்தாள். ஒருநாள் குளத்தின் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று சொல்லிச் சமாளித்தாள். மாடிப்படியிலும் வாங்க ஆரம்பித்ததும் மகள் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வருகிறது, அதைத் திரும்ப இளக்க மருந்து கிடையாது என்றார்கள். வெயில், தூசி, பனி எதுவும் ஆகாது, மாடியை விட்டு இறங்கவே கூடாது என்றார்கள். வாழ்நாள் முழுக்கக் காற்றைக் குடித்தவளுக்கு, மூக்கில் குழாய் வைத்து மிஷினிலிருந்து காற்று வந்தது.

அவள் அழுது அவர் பார்க்கவில்லை. முன்னறை சன்னலோரம் கட்டிலைப் போடச் சொன்னாள். சன்னல் வழியாகத் தெரிந்ததெல்லாம் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் கொஞ்சம் வானமும்தான். சில நாள் அதைப் பார்த்தாள். பிறகு ஒரு காலையில் அவரைக் கூப்பிட்டு, எனக்குப் பதிலாக நீங்கள் போய்வாருங்கள் என்றாள். எங்கே என்று கேட்டார். வெளியே என்றாள். குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, என்னென்ன இருக்கிறது என்று பார்த்து வந்து சொல்ல வேண்டுமாம். அவசர வேலை இருக்கிறது என்று அவர் இழுத்தார்.

"பல்லு எங்கயும் ஓடிப்போகாது. போய்ட்டு வாங்க" என்றாள்.

நோயாளி கேட்கும்போது எப்படி மறுப்பது? போனார். தெருமுனை டீக்கடை வரைக்கும் போனார். அங்கே உட்கார்ந்து டீ குடித்து, பேப்பர் படித்து, ஒரு நடை நடந்திருக்கக்கூடிய நேரம் ஆனதும் வீட்டுக்குத் திரும்பினார். குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறது, பறவைகள் வந்திருக்கின்றன என்றார். என்ன பறவை என்று கேட்டாள். வெள்ளையாக இருந்தது என்றார். கொக்கா? ஆமாம், கொக்குதான். அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். இவ்வளவுதானா விஷயம் என்று அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. தினமும் டீக்கடையில் உட்கார்ந்தபடியே ஒரு குளத்தைக் கட்டினார். அதில் மீன் துள்ளியது, ஆமை வெயில் காய்ந்தது. பொய்யிலும் ஒரு நேர்த்தி வேண்டும் என்று நினைக்கிறவர் அவர். ஒருநாள் குளத்து வாசலில் நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரம் மேலிருந்து கீழ்வரை பூத்திருக்கிறது, அதன் அடியில் நிற்கவே மனசுக்கு இதமாக இருந்தது என்று அளந்துவிட்டார்.



"அந்த மரத்தப் போன வருஷமே ரோடு போடறோம்னு வெட்டிட்டாங்க" என்றாள் அவள். "நான் நகராட்சி ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டுட்டு வந்து, இதே வீட்டுல, உங்ககிட்டதான் சொல்லிப் புலம்பினேன். நீங்க ம்னு சொன்னீங்க."

அவர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மிஷினைப் பார்த்தார். அவளோ சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்குவதற்குள் மகள் பதறி ஓடிவந்துவிட்டாள். அப்பாவுக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறேன், கற்பனைக்கு நூற்றுக்கு நூறு, பாடத்துக்கு முட்டை என்று மூச்சுக்கு நடுவே சொல்லி முடித்தாள்.

அவள் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. சிரித்ததுதான் அவரைக் குத்தியது. மறுநாள் டீக்கடையைத் திரும்பியும் பார்க்காமல் குளத்துக்கு நடந்தார். ஒரு சுற்று முடிவதற்குள் கால் கழன்றுவிடும்போல் இருந்தது. வீட்டுக்கு வந்து, குளத்தில் தண்ணீர் குறைவு, கரையில் பிளாஸ்டிக் குப்பை, பறவை ஒன்றே ஒன்று, அது என்னவென்று தெரியவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது எப்படி இருந்தது என்று கேட்டாள். அவருக்குத் தெரிந்த பாஷையில்தானே அவர் சொல்ல முடியும்? மேல்தாடை கீழ்த்தாடையைவிட நீளம், நுனி லேசாகக் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது, கடி சரியாக உட்காராது, நம்மிடம் வந்தால் உரசித்தான் கொடுக்க வேண்டும் என்றார். நீர்க்காகம் என்று அவள் உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. காலையில் அவர் போவார், வந்து சொல்லுவார், அவள் கேள்வி கேட்பாள். தெரியாததை மறுநாள் பார்த்துவர வேண்டும். முப்பது வருஷம் அச்சுகளை உற்றுப் பார்த்த கண். எதை எப்படிப் பார்ப்பது என்று பிடிபட்டதும் அது சும்மா இருக்கவில்லை. தூரத்து மலைத்தொடரைக் கீழ்வரிசைக் கடைவாய் என்றார், நடுவில் ஒன்று பிடுங்கியிருக்கிறது என்றார். இத்தனை வருஷமாக மலையாகப் பார்த்ததை இப்படி வாயாக்கிவிட்டீர்களே, இனிமேல் அது எனக்குப் பல்லாகத்தான் தெரியும் என்று அவள் நொந்துகொண்டாள். ஆனால் மகள் அறைக்குள் வந்தபோது அதை முதலில் சொல்லிச் சிரித்தவளும் அவள்தான்.

ஒருநாள் பாதிச் சுற்றில் மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லை. ஒதுங்க ஒரு கூரையும் பக்கத்தில் இல்லை. முன்பென்றால் சட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடியிருப்பார். அன்றைக்கு என்னவோ நின்றுவிட்டார். கரைச்சரிவில் தண்ணீர் வழி தேடிக்கொண்டு இறங்குவதைப் பார்த்தார். ஒரு கல்லில் முட்டி இரண்டாகப் பிரிந்தது, கொஞ்சம் கீழே போய் மறுபடி சேர்ந்துகொண்டது. இதற்காகத்தான் அத்தனை பிள்ளைகளைச் சளி பிடிக்கவைத்தாளா என்று நினைத்துக்கொண்டார்.

நனைந்த கோழியாக மாடியேறி வந்தவரைப் பார்த்ததும் மகள் துண்டை எடுக்க ஓடினாள்.

"கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க" என்றாள் கட்டிலில் இருந்தவள். "துடைக்காதீங்க. கிட்ட வாங்க."

கிட்டப் போனார். அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். மூக்கிலிருந்த குழாயைக் கொஞ்சம் விலக்கி மோந்து பார்த்தாள். சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் தலையணையில் ஊறிக்கொண்டிருந்தது. குளிரில் அவருக்குப் பல் கிட்டித்தது, ஆனாலும் அவளாக விடும்வரை கையை அசைக்கவில்லை. தண்ணீர் கல்லில் பிரிந்து சேர்ந்ததை அப்படியே நின்றபடி சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அன்றைக்கு மார்க் எதுவும் போடவில்லை.

அதன் பிறகு அவளுக்குக் கேள்விகள் குறைந்தன. பேச மூச்சு போதவில்லை. அவர் சொல்லுவார், அவள் விரலை அசைத்து 'ம்' கொட்டுவாள். ஒரு மதியம் மகள் பக்கத்தில் இருந்தபோது தூக்கத்திலேயே போய்விட்டாள். அவர் கீழே ஒரு பல்வரிசைக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தார். மகள் படியில் இறங்கி வந்த விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. மெருகு மிஷினை நிறுத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மேலே போனார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் அவளைப் பற்றி ஒரு கதை இருந்தது. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிள்ளைகளைக் கைமாற்றிக் கரை சேர்த்தாளாம். பாம்பைப் பார்த்து எல்லோரும் அலறியபோது, அதன் பாட்டுக்கு அது போகட்டும் என்று பாட்டுப் பாடினாளாம். அவள் பாடுவாள் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. யாரோ ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். இதையெல்லாம் அவள் சாப்பாட்டு மேசையில் சொல்லித்தான் இருப்பாள். அவர்தான் கேட்கவில்லை. காலையில் வெளியே போவதையும் நிறுத்திவிட்டார். பட்டறையே கதி என்று கிடந்தார்.

சில மாதம் கழித்துப் பள்ளியின் இப்போதைய தலைமையாசிரியை வீட்டுக்கு வந்தாள். அவளும் மழையில் நனைந்த பழைய மாணவிதான். டீச்சருக்கு ஒரு நினைவுக் கூட்டம் வைக்கப்போகிறோம், குளக்கரையில் டீச்சர் பெயரில் ஒரு சிமெண்ட் பெஞ்சு போடப்போகிறோம் என்றாள். அவர் எழுந்த வேகத்தில் மடியிலிருந்த மெழுகுத்துண்டு கீழே விழுந்தது. அவள் எங்கேயுமே உட்கார்ந்ததில்லை, அவள் பெயரில் பெஞ்சா, வேண்டவே வேண்டாம் என்றார். மகள் கண்ஜாடை காட்டிப் பார்த்தாள். அவர் மசியவில்லை. தலைமையாசிரியைக்கு முகம் சுண்டிப்போனாலும் குரல் மாறவில்லை. கூட்டத்துக்கு வாருங்கள், உங்கள் மனதில் இருப்பதை அங்கேயே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு போனாள்.

கூட்டத்தில் கூட்டம் அதிகம்தான். பேசியவர்கள் எல்லோரும் அவளை மலை என்றார்கள், நதி என்றார்கள், தென்றல் என்றார்கள். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த டிராயிங் டீச்சர், இவர்கள் பேசி முடிப்பதற்குள் நானும் போய்ச்சேர்ந்துவிடுவேன் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது பின்வரிசை வரை கேட்டது. அவர் முறை வந்தது. மைக்குக்கு முன் பேசிப் பழக்கமில்லை. மலை நதியெல்லாம் தனக்குத் தெரியாது என்று ஆரம்பித்து, மலைக்குப் போன செருப்பையும் டீக்கடையில் கட்டிய குளத்தையும் பூக்காத மரத்தையும் சொன்னார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. டிராயிங் டீச்சர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது சரி தம்பி, அந்த மரம் நின்ன இடத்துல இப்ப என்ன இருக்கு?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.



"தெரியல டீச்சர். அவ போனதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகல. போய்ட்டு வந்து யார்கிட்ட சொல்றது?"

 பெஞ்சு வேண்டாம் என்று சொல்ல வந்ததையும் மறந்து இறங்கிவிட்டார். மகள் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் கலையும்போது தலைமையாசிரியையே பெஞ்சு விஷயத்தை மெல்ல எடுத்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் டிராயிங் டீச்சர் நாற்காலியை உருட்டிக்கொண்டு நடுவில் வந்துவிட்டாள்.

"அவ உக்காராட்டி என்ன? உக்கார்றதுக்கு எங்கள மாதிரி முட்டி போனவங்க ஆயிரம் பேர் இருக்கோம். போடும்மா பெஞ்ச" என்றாள். அவர் பக்கம் திரும்பி, "என் போன் நம்பர் இருக்கில்ல? போய்ட்டு வந்து சொல்லுங்க" என்றாள்.

 பெஞ்சு வந்தது. சாய்மானம் கொஞ்சம் செங்குத்தாக அமைந்துவிட்டதால் முதுகை உறுத்துகிறது. சாய்மானத்தின் பின்பக்கம் அவள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அவர் தினமும் அதில் சிறிது நேரம் உட்காருகிறார், நெளிகிறார், எழுந்து நடக்கிறார். ரோடு இன்னும் வரவில்லை. வெட்டிய மரத்தின் இடத்தில் யாரும் நடாமலே ஒரு செடி முளைத்து இடுப்பளவுக்கு வந்திருந்ததைக் கண்டார். முதல் போனில் சொன்ன முதல் செய்தி அதுதான்.

ஆனால் டிராயிங் டீச்சர் மழை டீச்சரைப்போல் இல்லை. பறவையின் பெயரில் அவளுக்கு அக்கறை கிடையாது. தண்ணீர் எங்கே பிரிந்தது என்று கேட்கவும் மாட்டாள். செடி என்ன நிறம் என்று கேட்டாள். பச்சை என்றார்.

"என்ன பச்சை?"

"பச்சைன்னா பச்சைதான் டீச்சர்."

"அப்படிச் சொன்னா எனக்கு என்ன தெரியும்? நல்லாப் பாத்துட்டு நாளைக்குச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

அவருக்கு எரிச்சலாக வந்தது. வெள்ளையைக் கேட்டால் பால் வெள்ளை, தந்த வெள்ளை, டீ குடிக்கிறவர் வெள்ளை, வெற்றிலை போடுகிறவர் வெள்ளை என்று அடுக்கிவிடுவார். கிழவியின் அகம்பாவத்தைப் பார் என்று முணுமுணுத்துக்கொண்டே மறுநாள் போய்ச் செடியின் முன் குனிந்தார். தளிர் ஒரு மாதிரி இருந்தது, அடியிலை ஒரு மாதிரி. வெயில் பட்ட பக்கமும் படாத பக்கமும்கூட ஒன்றாக இல்லை. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஒவ்வொன்றிலும் ஓர் இலையைப் பறித்து, கசங்காமல் சட்டைப்பையில் வைத்து எடுத்துவந்தார்.

பட்டறை மேசையில் பற்களை ஒதுக்கிவிட்டு, வெள்ளைத்தாளின் மேல் இலைகளை வரிசையாக வைத்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பல் டாக்டர் ஒருவர் போன் செய்து, கீழ்வரிசை தயாரா என்று கேட்டார். கொஞ்சம் வேலையாக இருக்கிறேன், சாயங்காலம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.